பனி எழுந்து போகாத தோட்டம்

நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு பக்கம் படித்தாலே கண் களைத்துவிடுகிறது. எனக்குக் கண்ணுக்கு முன்னால் மனம் களைத்துவிடுகிறது, அதுவும் இயற்கையைப் பற்றிய கட்டுரை என்றால். தேனியில் மாதம் ஒருமுறை கூடும் நம் வாசகர் வட்டத்தில், இயற்கையை எழுதுகிறவர்கள் அதன் அழகை என்னென்ன உத்திகளால் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்று அடுத்த முறை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நிறையப் படித்தவள், எதையும் மாதம் தேதியோடு சொல்கிறவள் என்பது நீங்கள் சொன்ன காரணம். நின்று பேச முழங்கால் விடாது. எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துவிடுங்கள்.

உத்திகளில் ரகசியம் ஒன்றுமில்லை. மலைக்குத் தோளும் முதுகும் வைப்பார்கள். ஆறு எதையாவது நினைத்துக்கொண்டு ஓடும். தானாக நடக்கிற ஒன்றின்மேல் தன் மனத்தில் தோன்றிய காரணத்தை ஏற்றிச் சொல்வதைத் தற்குறிப்பேற்ற அணி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம், நினைவிருக்கும். இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. பிறகு, ‘வாருங்கள், இந்தப் பாறையில் சற்று உட்காருங்கள்’ என்று வாசகரைக் கைபிடித்து அழைத்துப்போவார்கள். நீளமாக ஒரு வாக்கியம் எழுதி, அதன் பின்னால் மூன்று சொல்லில் ஒன்றை நிறுத்துவார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய உத்தி ஒன்று உண்டு. அதற்கு இலக்கணத்தில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. வேண்டாததை விட்டுவிடுவதுதான் அது. மோட்டார் சத்தமும் மருந்து வாடையும் எந்தக் கட்டுரையிலாவது வந்து பார்த்திருக்கிறீர்களா?

இவற்றை நான் புத்தகத்தில் கற்கவில்லை. நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை எங்கள் குடும்பத்தில் நடந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். மாதத்தில் எனக்குச் சந்தேகமில்லை. தீபாவளிப் பாவாடை முதல் சலவையிலேயே சாயம் போய்விட்டதென்று அம்மா கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கார்த்திகை விளக்குகள் இன்னும் பரணிலிருந்து இறங்கவில்லை.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். ஒரு வார இதழில் இயற்கைக் கட்டுரைகள் எழுதிவந்தார். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, கம்பத்திலிருந்து கூடலூர் போகிற சாலைக்குக் கிழக்கே பன்னீர் திராட்சை போட்டிருந்தார். அந்தத் தோட்டத்தில் விளைந்த காசில்தான் அப்பா கல்லூரிக்குப் போனார். அதைப் பெரியப்பா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. பெரியம்மா மட்டும் அவ்வப்போது சொல்வார்.

திராட்சைப் பந்தல் அடியில் நீங்கள் நடந்திருப்பீர்கள். கல்தூண்கள், அவற்றின்மேல் கம்பி, கம்பிமேல் கொடி. பெரியவர்கள் குனிந்தும் குழந்தைகள் நிமிர்ந்தும் நடக்கிற இடம் அது ஒன்றுதான். உள்ளே வெளிச்சமே பச்சையாக இருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்த மருந்து இலைகளில் நீலமாகக் காய்ந்திருக்கும். அதன் காரல் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியப்பாவின் நகக்கண்களும் அந்த நீலம்தான். குலை வெட்ட அவர் வைத்திருந்த கத்தரியின் பிடிக்குப் பழைய வேட்டிக் கரையைச் சுற்றியிருந்தார். அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப்பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

அந்தத் தோட்டத்தைப் பற்றி அப்பா எழுதியது அப்போதுதான் இதழில் வந்தது. தலைப்பிலேயே எங்கள் ஊர்ப்பெயர். முதல் வரியிலேயே ‘என் அண்ணன் தோட்டம்’. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் உட்காரவைத்து அப்பாவே வாசித்தார்.

“வானம் தன் நீலத்தைக் கொஞ்சம் சிந்திவிட்டுப் போன இலைகள்...”

“சிந்துனது வானமில்லலே, நானு” என்றார் பெரியப்பா. “முதுகு இன்னும் வலிக்குது.”

அப்பா சிரித்துவிட்டு மேலே வாசித்தார். “பனிக்கு இந்தத் தோட்டத்தை விட்டுப் போக மனம் வருவதில்லை. உச்சிப்பொழுது வரை குலைகளின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறது. இலைகளின் அடியில் துளிகள் காய்வதே கிடையாது.”

“ஏலே, உச்சிப்பொழுது வரைக்கும் பனி கெடந்தா நான் எதுக்குலே வெள்ளாமை பாக்குறேன்?”

“அப்பிடி இல்லண்ணே. பாக்குறவுகளுக்கு இந்தப் பனி போகக் கூடாதேன்னு தோணும். அந்த ஆசையத் தூக்கிப் பனிமேலயே வைக்கிறது.”

பெரியம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார், “பனிக்குப் போக மனசில்லையாம். எனக்குத்தான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போக மனசா இருக்கு. வடுகபட்டிக்கு ஒருத்தரும் பஸ் ஏத்திவிடக் காணோம். அதையும் எழுதுங்க தம்பி.”

பெரியப்பாவுக்கு உள்ளூரப் பெருமைதான். அந்த இதழைத் தோட்டத்து மோட்டார் அறைக்குக் கொண்டுபோய், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திராட்சை எடுப்பவர் ஒரு கம்பத்து வியாபாரி. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பழத்தைப் பெட்டியில் அடுக்கிக் குமுளி வழியாகக் கொச்சிக்கு அனுப்புவார். ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தால் தன் காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து பந்தலடியில் இறக்கிவைப்பார். அதைப் பார்த்தால் வேறு வியாபாரி அந்த வரப்பில் கால் வைக்கமாட்டார். அந்த வருடமும் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. பலகை வாசனையும் வைக்கோல் வாசனையும் மருந்து வாடையை அமுக்கிவிட, நாங்கள் பெட்டிகளுக்குள் ஏறி உட்கார்ந்து பஸ் விளையாடினோம்.

கட்டுரை வந்த வாரம் கழிவதற்குள் ஒரு மாட்டுவண்டி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வண்டிக்காரருக்குக் காரணம் தெரியவில்லை. நாங்கள் குழந்தைகள், விளையாட்டுப் போச்சே என்று நின்றோம். பெரியப்பா வெறும் பந்தலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழம் முற்றிவிட்டது. மழை எந்த நாளும் வரலாம், வந்தால் பழம் வெடிக்கும். பெட்டி வந்து திரும்பிப்போன தோட்டத்தை இன்னொருவர் தொடமாட்டார், ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் நினைப்பார். அந்த வருடத்து உழைப்பு முழுவதும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா கம்பத்துக்குப் போனார். எனக்குப் பல்வலி, டாக்டரிடமும் காட்டவேண்டியிருந்ததால் என்னையும் அழைத்துப்போனார்.

பாயின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. தராசுக்குப் பக்கத்தில், படிக்கற்களை மேலே வைத்து அந்த வார இதழ் கிடந்தது. பாய் ஒரு வரி விடாமல் படிக்கிறவர் என்பது ஊருக்கே தெரியும்.

“வாங்க சார். ஆத்தா, நீயும் வந்தியா, உக்காரு.”

“பாய், பெட்டிய எடுத்துட்டீகளாம்.”

“ஆமா சார். நானே வந்து சொல்லியிருக்கணும். அண்ணன் மொகத்தப் பாக்கச் சங்கடமா இருந்துச்சு.”

“தோட்டத்துல என்ன கொற கண்டீக?”

“நான் எங்க கண்டேன். நீங்கதான எழுதியிருக்கீக.” இதழை எடுத்தார். பக்கம் மடித்துவைத்திருந்தது. “உச்சி வரைக்கும் பனி எந்திரிக்கலேன்னா, இலைக்கு அடியில ஈரம் காயலேன்னா, இலையில பூசணம் பிடிச்சுச் செவட்டை நோய் வந்துரும் சார். நான் அன்னிக்கு வந்து பாத்தப்ப சாயங்காலம், ஒண்ணும் தெரியல. கொச்சியில போயிப் பெட்டியத் தொறந்தா மொத்தமும் அழுகிக் கெடக்கும்.”

“பாய், அது அப்பிடியே எடுத்துக்கிறதில்ல.”

“சொந்த அண்ணன் தோட்டத்துல கொற இருக்குன்னு யாரு சார் பேப்பர்ல போடுவா? நீங்க போட்டிருக்கீக. வாத்தியாரு பொய் சொல்ல மாட்டாகன்னுதான் நம்புனேன்.”

அப்பா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அணி இலக்கணத்தை விளக்கத் தொடங்கினார். வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார், உதாரணங்களோடு. கடையில் வேலை செய்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாய் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப பனி இல்லையா?”

“இருக்கும் பாய். வெயில் விழுந்தாப் போயிரும்.”

“பெறகு ஏன் உச்சி வரைக்கும்னு போட்டீக?”

“அழகுக்கு.”

பாய் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “போன வருசம் சுருளி அருவித் தண்ணியப் பத்தி எழுதுனீக. பாறைக்கு உள்ள இருந்து யாரோ மெதுவாப் பேசுற மாதிரி கேக்குதுன்னு. நான் எங்க வீட்ல அவளக் கூட்டிட்டுப் போயி, ரெண்டு பேரும் காதக் குடுத்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். அதுவும் அழகுக்குத்தானா சார்?”

வெளியே குமுளி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“கேட்டுச்சா பாய்?” என்றார் அப்பா.

“எனக்குக் கேக்கல. அவ கேட்டுச்சுன்னு சொன்னா.”

பாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார், “நாளைக்கு விடியக்காலம் வாறேன். எழுதுனத நம்பிப் பெட்டிய எடுத்தாச்சு. இப்ப சொல்றத நம்பிப் பெட்டிய எறக்க முடியாது. கண்ணால பாத்துக்கிறேன்.”

பல் டாக்டரைப் பார்க்க மறந்துவிட்டோம். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பனி இறங்கியிருந்தது. அந்தப் பருவத்தில் அப்படியொரு பனியை நாங்கள் பார்த்ததில்லை. வேலியோரத் தென்னைகளுக்குத் தலை இல்லை. மோட்டார் அறை எங்கே இருக்கிறது என்று சுவரைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. குலைகளிலிருந்து சொட்டும் சத்தம் பந்தல் முழுவதும் கேட்டது. பாய் சால்வையைப் போர்த்திக்கொண்டு, சாக்கு விரித்த வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தார்.

“இப்பிடித்தான் தெனமும் இருக்குமோ?”

“இல்ல பாய்” என்றார் பெரியப்பா. “இன்னிக்குன்னு பாத்து எறங்கியிருக்கு.”

“நான் வர்றேன்னு பனிக்கும் தெரிஞ்சுபோச்சு போல” என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே, “பாத்தீகளா, எனக்கும் அப்பிடியே சொல்ல வருது” என்றார்.

நம் பக்கத்தில் கிழக்கே மேகமலை நிற்பதால் சூரியன் தாமதமாகத்தான் தோட்டத்துக்கு வரும். நாங்கள் காத்திருந்தோம். வெயில் விழுந்தபின் பனி எழுந்து போகுமா, இலை காயுமா என்பதில்தான் எல்லாம் இருந்தது. பெரியம்மா கொண்டுவந்த காபி அவரவர் கையிலேயே ஆறியது. பெரியப்பா ஒரு கல்தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குலையின் முன்னால் குனிந்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. வீட்டில் எழுதும்போது அப்படித்தான் அசையும், சொல்லைச் சொல்லிப் பார்ப்பார். தன் அண்ணனின் ஒரு வருடம் அந்தப் பனியில் நின்றுகொண்டிருந்தபோது அவர் அதற்குச் சொல் தேடிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். திரும்பியபோது, பெரியப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

மலைக்கு மேல் வெயில் வந்தது. பனி முதலில் பந்தலின் மேலிருந்து கிழிந்தது, பிறகு தரையை விட்டது. காற்று கொஞ்சம் வந்தது. காபி டம்ளர்களைக் கழுவி வைப்பதற்குள் இலைகள் காயத் தொடங்கின. பாய் எழுந்து, குனிந்து, ஒரு வரிசை விடாமல் நடந்தார். இலையைத் திருப்பி அடியில் விரலால் இழுத்து, விரலைத் தன் வெள்ளைக் கைலியில் துடைத்துப் பார்த்தார். நாங்கள் ஓரத்திலேயே நின்றோம். அவர் திரும்பி வந்தபோது கைலியில் மருந்தின் நீலம் மட்டும்தான் இருந்தது, பூசணம் இல்லை.

“சுத்தமா இருக்கு. சாயங்காலம் பெட்டி வரும் அண்ணே.”

பெரியம்மா கழுத்துத் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஒரு பேச்சு” என்றார் பாய். அப்பாவைப் பார்க்காமல் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். “சாரு இனி இதப் பத்தி எழுத வேண்டாம். இந்தத் தோட்டம்னு இல்ல. இங்கத்து மழை, பனி, காத்து எதப் பத்தியும். இங்கன இருக்கிறது எல்லாம் யாரோ ஒருத்தன் வெள்ளாமை. எனக்குப் புரிஞ்சுபோச்சு. படிக்கிற எல்லாருக்கும் புரியுமா?”

“எழுத மாட்டான் பாய்” என்றார் பெரியப்பா.

அப்பா அவரைப் பார்த்தார்.

“என்னலே?”

“சரிண்ணே” என்றார் அப்பா.

பழம் போனது. மழை பிறகுதான் வந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அந்தப் பேச்சைப் பெரியதாக யாரும் நினைக்கவில்லை. “எழுதுறதுக்கா ஒண்ணுமில்ல, ஒலகம் அம்புட்டுப் பெருசு” என்று அம்மா சொன்னாள். பெரியப்பாவும் தம்பியிடமிருந்து எதையோ வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்திருக்கமாட்டார். ஒரு கட்டுரையால் வந்த இடைஞ்சல், அதோடு தீர்ந்தது என்றுதான் கணக்கு.

அப்பா கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார். தொடர்ந்து எழுதவும் செய்தார். இமயத்துப் பனிச்சிகரங்களைப் பற்றி எழுதினார். பாலைவனத்து நிலவைப் பற்றியும், நடுக்கடலில் வரும் சூறாவளியைப் பற்றியும் எழுதினார். இவற்றில் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. மதுரைக்கு வடக்கே அவர் போனதாக என்னிடம் தகவல் இல்லை. நூலகத்துப் புத்தகங்களில் படங்களைப் பார்ப்பார். இதழ்க்காரர்களுக்கு இவை முன்பைவிடப் பிடித்தன. சிகரங்கள் மணப்பெண்போல் முக்காடிட்டன, மணல்மேடுகள் பெருமூச்சு விட்டன, கடல் தன் பழைய காதலை நினைத்துக் கொந்தளித்தது. வாசகர் கடிதங்கள் நிறைய வந்தன. சாயங்காலம் வரப்புப் பக்கம் நடக்கப் போவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார். கால் வலி என்று சொன்னார்.

அந்தக் கட்டுரைகள் முழுவதையும் வந்த வரிசைப்படி அடுக்கி, என் பணி ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை படித்தேன். முடிக்கப் பல வாரம் ஆயிற்று, அவ்வளவு அயர்ச்சி. உத்திகளில் குறை சொல்ல முடியாது. அணிகள் இடம் அறிந்து வருகின்றன. வாக்கியங்கள் தேர்ந்த கையால் வளைக்கப்பட்டவை. ஆனால் திராட்சைத் தோட்டக் கட்டுரையில், பெரியப்பாவுக்கு வினையாக வந்த அந்த வரிகளுக்கு அடுத்து, யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. துளி தொங்கும் இடத்தில் மட்டும் பழத்தின் கருப்பு கொஞ்சம் சிவந்து தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். உவமை இல்லை, உருவகம் இல்லை. நின்று பார்த்தவரால் மட்டும்தான் அதை எழுத முடியும். பனிச்சிகரக் கட்டுரைகளில் அப்படி ஒரு வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பனிக்குப் போக மனமில்லை என்று எழுதுகிறவர், அந்தப் பனியில் ஒருமுறையாவது நனைந்தவரா என்று பாருங்கள். நனைந்தவர் என்றால் மிகையை மன்னித்துவிடலாம். பாயின் மனைவிக்குப் பாறைக்குள் யாரோ பேசுவது கேட்டது, அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது என்று கேட்காதீர்கள். எனக்குச் சில வரிகளில் தெரியும், பல வரிகளில் தெரியாது. இப்போது தேடவும் அலுப்பாக இருக்கிறது.

இன்னொரு காலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, பார்வை இருந்த ஒரு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தது. மற்ற கண்ணில் முன்பே பார்வை போய்விட்டது. வெளியே தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கேட்கவில்லை. நான் அரைப் பரீட்சை விடுமுறைக்குக் குழந்தைகளோடு வந்திருந்தேன். நானும் அப்பாவும் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், மோட்டார் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். நல்ல பனி. முகத்தைத் தூக்கி, கட்டுக்குக் கீழே மூக்கை விரித்து அவர் காற்றை இழுத்தார்.

“ஏலே, எப்பிடி இருக்கு?”

“என்னதுண்ணே?”

“தோட்டந்தான். சொல்லு.”

அப்பா பந்தலைத் திரும்பிப் பார்த்தார்.

“பாயும் போய்ச் சேந்துட்டாரு. அன்னிக்கு நான் குடுத்த வாக்குத்தான, இன்னியோட நானே எடுத்துக்கிறேன். கேக்க வேற யாருமில்லலே. சும்மா சொல்லு. முன்ன மாதிரி.”

அப்பா பந்தலுக்குள் போனார். குலைகளுக்கு நடுவே நின்றார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் நின்றதாகத்தான் எனக்குத் தோன்றியது. பெரியப்பா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, தலையை அப்பா போன பக்கமாகச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு அப்பா ஓர் இலையைத் திருப்பி, அடியில் விரலால் இழுத்து, விரலை வேட்டியில் துடைத்துப் பார்த்தார்.

“நோய் ஒண்ணுமில்லண்ணே” என்றார்.

“நோயையாலே கேட்டேன்?” என்றார் பெரியப்பா.